மறு: ‘இடைப்பூட்டு’ வேண்டாம், வேறு சொல்?

> புல்வெட்டும் டிராக்டர் கையேட்டில் இன்டர்லாக் (பாதுகாப்பான நிலையில் இல்லாவிட்டால் எஞ்சினை ஓடவிடாத ஸ்விட்ச் அமைப்பு) வரும் இடமெல்லாம் ‘காப்புத் தடை’ என்று மாற்றலாமா?

‘இடைப்பூட்டு’ போகட்டும் ஐயா, பூட்டு என்றதும் சாவித்துளையைத் தேடுவார்கள். ஆனால் ‘தடை’யும் உதவாது. அதே பக்கத்தில் மல்டிமீட்டரை ஓமில் வைத்துத் தடையை அளக்கச் சொல்கிறோம். ‘காப்புத் தடையின் தடையை அளக்கவும்’ என்று அச்சேறினால் நம்மை யார் காப்பது?

இன்னொன்று. பெரும்பாலான புல்வெட்டும் டிராக்டர்களில் இன்டர்லாக் என்பது இரண்டு சுற்று. முதலாவது ஸ்டார்ட் ஆவதற்கு: பேட்டரி, ஃபியூஸ், சாவி, பிரேக் ஸ்விட்ச், பிளேடு ஸ்விட்ச், சோலனாய்டு (ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் காந்த ஸ்விட்ச்) என்று தொடராகப் போகும். எங்கே அறுந்தாலும் ஸ்டார்ட்டர் சுழலாது. இரண்டாவது நிறுத்துவதற்கு: ஸ்பார்க் தரும் காயிலிலிருந்து வரும் ஒற்றை வயர் வண்டியின் உலோகப் பாடியைத் தொட்டால் ஸ்பார்க் நின்றுவிடும். முதலாவதில் இணைப்பு அறுந்தால் கோளாறு. இரண்டாவதில் இணைந்தால் கோளாறு. இதை ஒரே ‘தடை’யில் அடைத்தால், இருக்கை ஸ்விட்சை (ஆள் எழுந்தால் எஞ்சினை நிறுத்துவது) அளப்பவர் தலைகீழாக முடிவெடுப்பார்.

முதலாவதற்கு ‘தொடக்க இசைவு’, இரண்டாவதற்கு ‘நிறுத்து இணைப்பு’. இது என் முன்மொழிவு.

---

> தொடக்க இசைவு

நல்ல சொல். சோதனைப் பகுதியில் போட்டுப் பார்த்தேன், உறுத்தவில்லை:

“பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். கியரை நியூட்ரலில் வைத்து, பிளேடு இயக்கத்தைத் துண்டித்து, பிரேக்கை மிதித்தபடி சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பவும். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை சோலனாய்டின் சிறிய முனையில். 12 வோல்ட்டை ஒட்டி வந்தால் இசைவு முழுமை; கோளாறு சோலனாய்டிலோ அதற்கு அப்பாலோ. வராவிட்டால் ஒவ்வொரு ஸ்விட்சாகப் பின்னோக்கிப் போகவும். மின்சாரம் உள்ளே நுழைந்து வெளியே வராத ஸ்விட்ச்தான் இசைவு தராதது.”

மூன்று முனை சோலனாய்டு பாடி வழியாகவே எர்த் எடுக்கும் என்பதையும் சேர்க்க வேண்டும். பிடிமானப் போல்ட் துருவேறினால் ஸ்விட்சுகள் எல்லாம் சரியாக இருந்தும் ‘கிளிக்’ வராது. ‘கிளிக்’ மட்டும் வந்து சுழலாவிட்டால், இசைவைக் குறை சொல்லாமல் பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்யச் சொல்லலாம்.

‘நிறுத்து இணைப்பு’ மட்டும் இடிக்கிறது. ‘இணைப்பை நிறுத்து’ என்று படித்துவிடுவார்கள்.

---

அப்படியானால் ‘அணைப்பு வயர்’? எஞ்சினை அணைப்பது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். கட்டிப்பிடிப்பதும் அதே சொல்தான். ஆனால் டிராக்டர் கையேட்டில் குழப்பம் வராது என்று நம்புவோம்.

அந்தப் பகுதிக்கு ஒரு எச்சரிக்கை கட்டாயம். ஸ்டார்ட்டர் சுழன்றும் ஸ்பார்க் இல்லையென்றால், அணைப்பு வயரை எஞ்சின் பக்கம் கழற்றிப் பார்க்கலாம். ஸ்பார்க் வந்தால் காயில் நலம். பெரும்பாலும் இருக்கைக் கீலுக்கடியில் வயர் உரசித் தோல் போயிருக்கும். அந்த வயரைக் கழற்றிய நிலையில் சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது. ஆகவே ஸ்பார்க் பார்த்ததும் மாட்டிவிட வேண்டும். அதில் 12 வோல்ட் கொடுக்கவே கூடாது, காயில் போய்விடும்.

---

இரண்டுக்கும் ஒப்புதல். ‘இசைவு’க்கு இன்னொரு காரணமும் உண்டு: தடை என்று பெயர் வைத்தால் நீக்கத்தான் தோன்றும். இருக்கை ஸ்விட்சை ஜம்பர் (ஸ்விட்சைத் தாண்டி நேராக இணைக்கும் வயர்) போட்டு ஏமாற்றுவது அப்படித்தான் நடக்கிறது. ஆள் விழுந்தாலும் பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கும். மேடுபள்ளத்தில் எஞ்சின் விக்கினால் ஜம்பர் தீர்வல்ல. ஸ்விட்சின் குமிழில் அடைந்த புல்தூளைப் பிரஷால் தட்டிவிட்டு, இருக்கை ஸ்பிரிங்கையும் கனெக்டரையும் பார்க்க வேண்டும்.

பட்டியலில் ‘இசைவு ஸ்விட்ச்’, ‘தொடக்க இசைவு’, ‘அணைப்பு வயர்’ மூன்றையும் ஏற்றிவிடுகிறேன். ஸ்விட்சை ‘ஆளி’ ஆக்குவதா ‘நிலைமாற்றி’ ஆக்குவதா என்ற பழைய சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.