மருந்துக்குக் கட்டுப்படும் கிருமிக்கு எதற்கு ஆபரேஷன்?

வைகறை:
அப்பாவுக்குச் செயற்கை மூட்டு வைத்த முழங்காலில் கிருமித் தொற்று. கல்ச்சர் ரிப்போர்ட்டில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா, கொடுக்கிற ஆன்டிபயாடிக்குக்கு நேராக ‘சென்சிடிவ்’, அதாவது மருந்துக்குச் சாகும் என்று தெளிவாக இருக்கிறது. மருந்து ஏறும்போது காய்ச்சல் விடுகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. இப்போது பயோஃபிலிம் என்று சொல்லி மூட்டையே எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ரிப்போர்ட் தப்பா?

நுண்ணுயிரி:
ரிப்போர்ட் சரிதான். ஆனால் அந்தப் பரிசோதனையில் பார்ப்பது எதிலும் ஒட்டாமல் தனித்தனியாக வளரும் கிருமியை. உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொண்டால் அதே கிருமி வேறு மாதிரி வாழ ஆரம்பித்துவிடும்: சர்க்கரைச் சங்கிலி, புரதம், செத்த செல்களின் டிஎன்ஏ எல்லாம் கலந்த பசையைச் சுரந்து அதற்குள் அடுக்கடுக்காக உட்கார்ந்துகொள்ளும். இந்தப் படலத்தைத்தான் பயோஃபிலிம் என்கிறார் டாக்டர். பசை மருந்தை உள்ளே விடாது என்று பலரும் நினைக்கிறார்கள், அது பாதிதான் உண்மை, பல மருந்துகள் உள்ளே போய்விடுகின்றன. அடியில் ஆக்சிஜனும் உணவும் குறைவு என்பதால் அங்கே இருக்கும் செல்கள் வளராமல் கிடக்கின்றன, அதுதான் பெரிய சிக்கல். பென்சிலின் வகை மருந்துகள் செல் சுவர் கட்டும் வேலையைக் கெடுத்துத்தான் கொல்லும். சுவரே கட்டாத செல்லை அவை என்ன செய்யும்? இப்படித் தப்பிப் பிழைக்கும் செல்களை நுண்ணுயிரியலாளர் ஜோசப் பிகர் 1944-லேயே பென்சிலினில் கவனித்து எழுதியிருக்கிறார். இவற்றை எடுத்துப் புதிதாக வளர்த்தால் அதே மருந்துக்குச் சாகும், அதனால்தான் ரிப்போர்ட்டில் ‘சென்சிடிவ்’ என்றே வருகிறது.

கடல்மீன்:
இது நுண்ணோக்கியில் நுண்ணுயிர்களை முதலில் பார்த்த லேவன்ஹுக் காலத்திலேயே தெரிந்த விஷயம். 1680-களில் பல்லில் படிந்த வெள்ளைப் படலத்தைச் சுரண்டி எடுத்து, வினிகரில் கலந்தால் அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் சாவதைப் பார்த்தார். ஆனால் பல்லில் படலம் இருக்கும்போதே வினிகரால் கொப்பளித்தால் உள்ளே இருந்தவை சாகவில்லை.

வைகறை:
நன்றிங்க, இப்போதுதான் புரிகிறது. மூட்டை எடுக்காமல் வழியே இல்லையா?

நுண்ணுயிரி:
தொற்று தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகிறது, மூட்டும் உறுதியாக இருக்கிறது என்றால் திறந்து சுரண்டிக் கழுவி, பிளாஸ்டிக் பகுதியை மட்டும் மாற்றி, ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்கை இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்ப்பார்கள். ரிஃபாம்பிசினைத் தனியாகக் கொடுத்தால் கிருமி சீக்கிரம் எதிர்ப்பு பெற்றுவிடும். நாள்பட்ட தொற்று என்றால் படலம் முற்றியிருக்கும், அதற்கு மூட்டை எடுப்பதுதான் வழக்கம். எத்தனை நாளாகத் தொற்று இருப்பதாக நினைக்கிறார், ஒரே ஆபரேஷனில் புது மூட்டு வைப்பாரா, இல்லை அந்த இடத்தில் தற்காலிகமாக மருந்து கலந்த சிமென்ட் வைத்துக் காத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேளுங்கள்.