ஏற்காட்டு வீட்டுக்கு எத்தனை ஓடு வாங்குவது?

வணக்கம். ஏற்காட்டில் எங்கள் பழைய ஓட்டு வீட்டின் கூரையை மழைக்கு முன்பே மாற்ற வேண்டும். தகரம் வேண்டாம், மங்களூர் ஓடுதான். தகரத்தில் மழை விழும் சத்தத்தில் அம்மாவால் தூங்க முடியாது.

தரையில் அளந்தால் கணக்கு குறையும் என்பதால் சரிவிலேயே டேப் பிடித்தேன். முகட்டிலிருந்து இறவார நுனி வரை 13 அடி, நீளம் 30 அடி. இரண்டு பக்கமும் சேர்த்து 780 சதுர அடி. சதுர அடிக்கு ஒன்றரை ஓடு என்று வைத்தால் 1,170. உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்து 1,290. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் லாரிக்கு இந்தப் பத்து சதவீதம் போதுமா?

அப்புறம், முகட்டு ஓடு எத்தனை வேண்டும்? ஓடுகளைத் தாங்கும் பழைய ரீப்பர்கள் (குறுக்கு மரச்சட்டங்கள்) ஏறக்குறைய ஓர் அடி இடைவெளியில் இருக்கின்றன, மரம் இன்னும் உறுதிதான். புது ஓட்டின் கொக்கி அதிலேயே உட்காருமா, பிரித்து அடிக்கணுமா? மலையில் ஓடு மாற்றியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.