தவணை தவறியவர்களை அதிகமாகச் சேர்த்த மாதிரி: லாஜிஸ்டிக் கெழுக்களை நம்பலாமா?

கேள்வி:
1,00,000 கடன் கணக்குகளில் தவணை தவறியவை 1,000 மட்டுமே. அந்த 1,000-ஐயும் எடுத்து, ஒழுங்காகக் கட்டும் 99,000-இலிருந்து குலுக்கல் முறையில் 1,000-ஐச் சேர்த்து லாஜிஸ்டிக் ரெக்ரஷன் (ஆம்/இல்லை முடிவின் வாய்ப்பைக் கணிக்கும் மாடல்) போட்டேன். தவறும் வாய்ப்பு பலருக்கும் 40, 50 சதவீதம் என்று வருகிறது. ஒவ்வொரு காரணியின் தாக்கத்தைக் காட்டும் கெழுக்களும் பிழையா? தேர்ந்தெடுப்பால் வரும் பிழையைச் சரிசெய்யும் ஹெக்மேன் திருத்தம் வேண்டுமா?

பதில் 1:
சாய்வுக் கெழுக்களில் கைவைக்காதீர்கள். தவறியதா இல்லையா என்பதை மட்டும் பார்த்துத்தான் கணக்குகளை எடுத்திருக்கிறீர்கள். தவறியவர் எல்லோரையும், கட்டுபவர்களில் 99-க்கு ஒருவரையும் எடுத்ததால், எல்லோருடைய ஆட்ஸும் (தவறும் வாய்ப்பு ÷ தவறாத வாய்ப்பு) ஒரே அளவில், இங்கே 99 மடங்கு, பெருகிவிடுகிறது. லாக் எடுத்ததும் அந்த 99 மாடலின் மாறிலியோடு (எந்தக் காரணியோடும் சேராத தனி எண்) போய்ச் சேர்ந்துவிடும். நோயுற்றோர், நோயற்றோர் ஒப்பீட்டு ஆய்வுகளுக்கு ப்ரென்டிஸும் பைக்கும் 1979-இல் காட்டியது இதைத்தான்.

மாறிலியிலிருந்து லாக் 99 (இயல் மடக்கை), அதாவது 4.595-ஐக் கழியுங்கள். மாடல் 0.9 என்று சொல்லும் கணக்குக்கு ஆட்ஸ் 9. அதை 99-ஆல் வகுத்தால் 0.0909, உண்மையான வாய்ப்பு 8.3%.

ஹெக்மேன் வேண்டாம். அது, தேர்வு எப்படி நடந்தது என்றே தெரியாமல் அதையும் மாடல் செய்ய வேண்டிய இடத்துக்கு. உங்களுக்குத் தேர்வு விகிதம் கையிலேயே இருக்கிறது.

பதில் 2:
மாறிலியைத் திருத்தினால் போதும் என்பது லாஜிட்டுக்கு (லாஜிஸ்டிக் மாடலுக்கு) மட்டும். நார்மல் வளைவைப் பயன்படுத்தும் புரோபிட் மாடல் என்றால் சாய்வும் கெடும். அங்கே மான்ஸ்கி, லெர்மன் 1977-இல் தந்த எடையிட்ட முறை ஒரு வழி: தவறியவருக்கு எடை 1, மற்றவருக்கு 99.

ஆர் மென்பொருளில் இந்த எடைகளைச் சாதாரண ஜிஎல்எம் (glm) கட்டளையில் கொடுத்துவிடாதீர்கள். 1,00,000 பேரை நேரில் பார்த்ததாக அது எடுத்துக்கொள்ளும். ஸ்டாண்டர்ட் எரர் (மதிப்பீட்டின் நிச்சயமின்மை அளவு) பொய்யாகச் சுருங்கும். சர்வே பேக்கேஜில் தவணை நிலையை அடுக்காக (strata) கொடுத்து எஸ்விஒய்ஜிஎல்எம் (svyglm) கட்டளையை ஓட்டுங்கள். எடை 99 என்பதால் விசித்திரமான ஒரே ஒரு கணக்குகூட முடிவை இழுத்துவிடும், அதையும் பாருங்கள். லாஜிட் வடிவம் சரியென்று நம்பினால் மாறிலித் திருத்தமே துல்லியமானது. வடிவத்தில் சந்தேகம் இருந்தால் எடையிடுவதுதான் பாதுகாப்பு.

கேள்வி கேட்டவர்:
ஒவ்வொரு கிளையிலும் தவறியவர் எத்தனையோ அத்தனை கட்டுபவர்களை எடுத்திருந்தால்?

பதில் 1:
அப்போது தேர்வு கிளையையும் சார்ந்துவிடுகிறது. 99 என்ற ஒரே எண் எல்லோருக்கும் பொருந்தாது. கிளைக்குக் கிளை அந்த விகிதம் (மொத்தக் கட்டுபவர் ÷ எடுத்த கட்டுபவர்) வேறு. கிளைவாரி மொத்தக் கணக்கு தெரிந்தால் அந்தந்த விகிதத்தின் லாக்கை ஆஃப்செட்டாக (கெழு 1 என்று நிலைநிறுத்திய உறுப்பாக) கொடுங்கள். தெரியாவிட்டால் கண்டிஷனல் லாஜிஸ்டிக் (ஒவ்வொரு கிளைக்குள்ளும் மட்டும் ஒப்பிடும் முறை). அதில் மற்றக் கெழுக்கள் சரியாக வரும், ஆனால் கிளையின் விளைவையும் தவறும் வாய்ப்பையும் மதிப்பிட முடியாது.