கிட் லென்ஸை மாற்றலாமா?

பாம்பன்காரன்: என்னிடம் இருப்பது கேனான் 1500டி, கூடவே வந்த 18-55 எம்எம் கிட் லென்ஸ். பாம்பன் பாலம், தனுஷ்கோடி விடியல் எல்லாம் நன்றாகவே வருகிறது, ஆனால் குளிர்காலத்தில் கோதண்டராமர் கோயில் பக்கம் வரும் பூநாரைகளை எடுத்தால் வெறும் புள்ளியாகத்தான் தெரிகின்றன. லென்ஸை மாற்றவா, கேமராவையே மாற்றவா?

கடலோடி: கேமராவைத் தொடாதீங்க அண்ணே. தூரத்துப் பறவைக்கு 55 எம்எம் எந்தக் கேமராவிலும் பத்தாது. 55-250 எஸ்டிஎம் லென்ஸ் பழையது கிடைத்தாலே போதும், உங்கள் கேமராவின் சின்ன சென்சாரில் அது 400 எம்எம் அளவுக்கு இழுத்துக் காட்டும். 18-55ஐ விற்காதீங்க, விலையும் போகாது.

உப்புக்காற்று: பாலத்துக்கு லென்ஸ் திறப்பு எஃப்/8, முக்காலி. அதில் கிட் லென்ஸும் கூர்மைதான். வீட்டுக்குள், கல்யாணத்தில் வெளிச்சம் பத்தவில்லை என்றால் மட்டும் 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் பாருங்கள். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சம் கூடும், 55இல் உங்களுடையது எஃப்/5.6 தாண்டித் திறக்காது. அப்புறம், தனுஷ்கோடிக் காற்றில் நின்று லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள், மணல் நேராக சென்சாருக்குப் போகும். வண்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்டு இறங்குங்கள்.

பாம்பன்காரன்: சரி, பழையதே தேடுகிறேன். லென்ஸுக்குள் பூஞ்சை இருந்தால் எப்படித் தெரியும்?

கடலோடி: பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கண்ணே. சிலந்திவலை மாதிரி இழை தெரிந்தால் வேண்டாம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும்.