புதுப்பிப்பு: மினி கூப்பர் எஸ் காரில் முதலில் செய்த மாற்றம்

டர்பனில் நான் ஓட்டும் 2005ஆம் ஆண்டு மினி கூப்பர் எஸ் காரில் சூப்பர்சார்ஜரின் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) புல்லியை, அதாவது அதைச் சுழற்றும் பெல்ட் சக்கரத்தை, முதலில் மாற்றுவதா, சைலன்சரையா என்று முன்பு கேட்டிருந்தேன். பெரும்பாலோர் சொன்னபடி புல்லியையே மாற்றினேன்.

15 விழுக்காடு சிறிய புல்லியுடன், அதற்கேற்ற குட்டையான பெல்ட்டையும் வெப்பத்தை விரைவாகக் கடத்தும் ஸ்பார்க் பிளக்குகளையும் பொருத்தினோம். பழைய புல்லி தண்டில் இறுக்கமாகக் கவ்வியிருக்கும். அதற்கென உள்ள புல்லர் என்னும் இழுவைக் கருவியால்தான் கழற்ற வேண்டும், தட்டிக் கழற்றினால் பேரிங் கெடும்.

இந்தக் காரின் சூப்பர்சார்ஜரான ஈட்டன் எம்45 முன்னைவிட வேகமாகச் சுழல்வதால் நடு வேகத்தில் இழுவை நன்றாகக் கூடியுள்ளது. ஆனால் அது அழுத்தும் காற்றின் சூடும் கூடுவதால், கோடைப் புழுக்கத்தில் நெரிசலில் நின்று கிளம்பும்போது, எஞ்சின்மேல் அமர்ந்துள்ள சிறிய இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) திணறுகிறது. அடுத்த செலவு அதற்குத்தான், சைலன்சர் காத்திருக்கட்டும்.

ஜோகன்னஸ்பர்க் அன்பர்களே, அங்கே 93 ஆக்டேன் பெட்ரோல் (ஆக்டேன் என்பது எரிபொருள் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு) கிடைத்தாலும், இம்மாற்றத்துக்குப் பின் 95 மட்டுமே போடுங்கள்.