மகனைப் பாதி நாளிலேயே வீட்டுக்கு அனுப்புகிறார்கள்: இது இடைநீக்கக் கணக்கில் வருமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஒரு பொதுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகனுக்கு ஆட்டிசம் இருப்பது நான்கு வயதில் உறுதியானது, அன்றிலிருந்து ஐ.இ.பி. எனப்படும், அவனுக்கென்றே எழுதிய தனிக் கல்வித் திட்டம் நடைமுறையில் உள்ளது. படிப்பில் குறையில்லை. ஆனால் இந்த ஆண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான், கையில் கிடைத்ததை வீசுகிறான், இரண்டு முறை உதவி ஆசிரியையின் கையைப் பிறாண்டிவிட்டான் என்று புகார் வருகிறது. செப்டம்பரிலிருந்து வாரத்துக்கு ஒரு முறையாவது பதினொரு மணிவாக்கில் அலுவலகத்திலிருந்து அழைத்து, "இன்று அவன் நிலை சரியில்லை, வந்து கூட்டிப்போங்கள்" என்கிறார்கள். நானும் போய்ப் பதிவேட்டில் கையெழுத்திட்டு அழைத்துவருகிறேன். அதில் காரணம் எழுதும் கட்டத்தில் "பெற்றோர் அழைத்துச் சென்றார்" என்று மட்டுமே இருக்கும். இடைநீக்கம் என்று ஒரு கடிதம்கூட இதுவரை வந்ததில்லை. போன வாரம் முதல்வர் வேறு பள்ளியைப் பற்றி யோசிக்கலாமே என்றார். நடத்தை தொடர்பான உதவியைப் பள்ளி தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா, அல்லது அது அவர்களுடைய நல்லெண்ணத்தைப் பொறுத்ததா?

பதில் 1 (இதே வழியில் நடந்து வந்த ஒரு பெற்றோர்)

நல்லெண்ணத்தைப் பொறுத்தது அல்ல. 1975-இல் வந்து, 1990-இல் ஐ.டி.இ.ஏ. என்று பெயர் மாறிய, இயலாமையுள்ள குழந்தைகளின் கல்விக்கான கூட்டாட்சிச் சட்டத்தில், ஒரு குழந்தையின் நடத்தை அதன் படிப்பையோ பிறருடைய படிப்பையோ தடுக்குமானால், நேர்மறையான நடத்தை ஆதரவுகளை ஐ.இ.பி. குழு பரிசீலித்தாக வேண்டும் என்ற விதி இருக்கிறது. "பரிசீலிக்க வேண்டும்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சில பள்ளிகள் நழுவப் பார்க்கும். ஆனால் குழந்தையின் சூழ்நிலைக்கு ஏற்ற முன்னேற்றத்தை அடையும்படி ஐ.இ.பி. அமைய வேண்டும் என்று 2017-இல் எண்ட்ரூ எஃப். வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, வாரந்தோறும் வகுப்பை இழக்கும் குழந்தைக்கு நடத்தை ஆதரவு எதுவும் எழுதப்படாத ஐ.இ.பி. போதுமானது என்று வாதிடுவது எளிதல்ல. அந்த வழக்கின் சிறுவனுக்கும் ஆட்டிசம்தான். அவனுடைய நடத்தைச் சிக்கல்களும் அதில் பேசப்பட்டன.

உங்கள் கேள்வியின் மையம் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. ஒரு கல்வியாண்டில் பத்துப் பள்ளி நாட்களுக்கு மேல் ஒரு குழந்தையைத் தொடர்ச்சியாக வெளியேற்றினாலோ, விட்டுவிட்டு வெளியேற்றும் நாட்கள் பத்தைத் தாண்டி ஒரே பாங்கில் அமைந்தாலோ, சட்டம் அதை இடமாற்றமாகக் கருதுகிறது. அப்படி முடிவெடுத்த பத்துப் பள்ளி நாட்களுக்குள் "மேனிஃபெஸ்டேஷன் டிட்டர்மினேஷன்" என்ற கூட்டம் நடந்தாக வேண்டும். அந்த நடத்தைக்கு இயலாமை காரணமா, அல்லது அதனுடன் நேரடியான, கணிசமான தொடர்பு உண்டா என்பது அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, ஐ.இ.பி.யைப் பள்ளி நடைமுறைப்படுத்தத் தவறியதன் நேரடி விளைவா என்பது இரண்டாவது. இரண்டில் ஒன்றுக்கு "ஆம்" என்று பதில் வந்தாலும், நடத்தையின் காரணத்தை ஆராயும் எஃப்.பி.ஏ. மதிப்பீட்டைச் செய்து, பி.ஐ.பி. எனப்படும் நடத்தைத் திட்டத்தை வகுக்க வேண்டும். ஏற்கெனவே திட்டம் இருந்தால் அதைத் திருத்த வேண்டும். நீங்களும் பள்ளியும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, குழந்தையைப் பழைய இடத்துக்கே திருப்பியனுப்பவும் வேண்டும்.

"பெற்றோர் அழைத்துச் சென்றார்" என்று எழுதிவிட்டால் இந்தப் பத்து நாள் கணக்கு தொடங்குவதே இல்லை. நானும் ஓராண்டுக் காலம், பள்ளிக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, கேட்டபோதெல்லாம் போய் நின்றேன். பள்ளி நாளைச் சுருக்கி இப்படி முறைசாராமல் வீட்டுக்கு அனுப்புவதும் ஒழுங்கு நடவடிக்கையாகக் கருதப்படலாம் என்று 2022 ஜூலையில் கூட்டாட்சிக் கல்வித்துறை வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. அடுத்த முறை அழைப்பு வந்தால், "இது இடைநீக்கமா? ஆம் எனில் எழுத்தில் தாருங்கள், இல்லை எனில் அவன் வகுப்பிலேயே இருக்கட்டும்" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் பேசியதற்குச் சாட்சி கிடையாது.

பதில் 2 (சிறப்புக் கல்வி ஆசிரியை)

மேலே உள்ளவற்றோடு உடன்படுகிறேன். பள்ளியின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எஃப்.பி.ஏ.வுக்குப் பத்து நாள் கடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நீங்களே எழுத்தில் கோரலாம். மறுத்தால், ஏன் மறுக்கிறார்கள் என்பதைக் காரணங்களோடு எழுத்துப்பூர்வ அறிவிப்பாகத் தர வேண்டிய கடமை பள்ளிக்கு உண்டு. அந்தக் காரணத்தை எழுத உட்காரும்போதே பலர் மனம் மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நல்ல மதிப்பீடு எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். என் வகுப்பில் ஒரு சிறுவன் தினமும் நாற்காலியைத் தள்ளிவிடுவான். தள்ளுவதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு என்ன கிடைத்தது என்று மூன்று பத்திகளில் இரண்டு வாரம் குறித்தோம். பெரும்பாலான நாட்களில் எழுதும் தாளைக் கொடுத்த ஓரிரு நிமிடங்களில்தான் நாற்காலி விழுந்தது. விழுந்ததும் அவனை வெளியே அழைத்துச் சென்றோம். அதாவது எழுதுவதிலிருந்து தப்பிக்கும் வழியை நாங்களே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்! தாளைப் பாதியாகக் குறைத்து, "இடைவேளை வேண்டும்" என்ற அட்டையைக் கையில் கொடுத்து, அதைக் காட்டியதும் மதித்தோம். நாற்காலி விழுவது படிப்படியாகக் குறைந்தது. உங்கள் மகனைப் பதினொரு மணிக்கு வீட்டுக்கு அனுப்புவதும் இதே பாடத்தைத்தான் கற்பிக்கிறதோ என்று எனக்கு ஐயம். பதினொரு மணிக்கு முன் அவனுக்கு என்ன வகுப்பு என்று கேட்டுப் பாருங்கள்.

முதல்வரின் பேச்சைக் கேட்டு அஞ்ச வேண்டாம். ஆபத்தான நடத்தை என்ற பெயரில் பள்ளி தன்னிச்சையாக ஒரு மாணவரை விலக்கிவைக்க முடியாது என்று 1988-இலேயே ஹோனிக் எதிர் டோ வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. ஆயுதம், போதைப்பொருள், கடுமையான உடற்காயம் ஆகிய மூன்றில் மட்டும், 45 பள்ளி நாட்கள் வரை வேறிடத்துக்கு மாற்றப் பள்ளிக்கு அதிகாரம் உண்டு. கடுமையான காயம் என்பதற்குச் சட்டம் தரும் வரையறை உயிராபத்து, தாங்கவொண்ணா வலி, நீடித்த உருக்குலைவு என்ற அளவில் இருக்கிறது. பிறாண்டல் அதில் சேராது.

பதில் 3

ஒரு சிறு எச்சரிக்கை. பள்ளி செய்த எஃப்.பி.ஏ. திருப்தி தராவிட்டால், பள்ளியின் செலவில் வெளியாரைக் கொண்டு மறுமதிப்பீடு கேட்கலாம் என்று பலரும் அறிவுரை கூறுவார்கள். கூட்டாட்சிக் கல்வித்துறையின் நிலைப்பாடு பொதுவாக அதுதான். ஆனால் எஃப்.பி.ஏ. தனியாக அந்த உரிமையைத் தராது என்று 2020-இல் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அதன் வரம்புக்குள் வரும் நியூயார்க், கனெக்டிகட், வெர்மாண்ட் மாநிலங்களில் இருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். குழந்தையைப் பிடித்து அடக்குவது, தனியறையில் அடைப்பது ஆகியவற்றுக்கும் கூட்டாட்சிச் சட்டம் கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ஆகவே கூட்டாட்சி விதிகளோடு உங்கள் மாநிலக் கல்வித்துறையின் விதிகளையும் சேர்த்தே படியுங்கள். மாநிலத்துக்கு அனுப்பும் எழுத்துப்பூர்வ முறையீட்டுக்கு வழக்கறிஞர் தேவையில்லை. சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் கொடுத்தால், வழக்கமாக 60 நாட்களுக்குள் முடிவு வந்தாக வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு என் அலைபேசியின் அழைப்புப் பட்டியலையும் நாட்காட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்தேன்: செப்டம்பரிலிருந்து இன்றுவரை பதினான்கு முறை. அவற்றில் பதினொன்று செவ்வாய், வியாழன் ஆகிய நாட்களில் வந்திருக்கின்றன. அந்த இரண்டு நாட்களிலும் பத்தரை மணிக்கு அவனுக்கு இசை வகுப்பு. அறையில் இருபத்தைந்து குழந்தைகளும் பறை, தாளக்கருவிகளும் இருக்கும். எஃப்.பி.ஏ. கோரும் கடிதத்தில் தேதிகள் அனைத்தையும் வரிசையாக எழுதி, இன்று காலை அனுப்பிவிட்டேன்.