மறு: சக், காலெட் – ‘கவ்வி’ சரி, ‘சிறுகவ்வி’ சரிப்படாது

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுப் பட்டறைக் கடைசல் எந்திரத்துக்கான (லேத்) நம் கையேட்டில் சக், காலெட் பகுதி வந்ததும், கடைகிற உருப்படியைப் பிடித்துச் சுழற்றுகிற இந்த இரண்டு கருவிகளுக்கும் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று மடல்கள் குவிந்துவிட்டன. எல்லாவற்றையும் படித்தேன். ஈரோட்டு ஐயா சக்குக்குக் ‘கவ்வி’ என்றும் காலெட்டுக்குச் ‘சிறுகவ்வி’ என்றும் சொல்லியிருக்கிறார். முன்னது நல்ல சொல், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பின்னதை எடுத்துக்கொண்டால், கையேட்டை நம்பிக் கைக்காசு போட்டுச் சாமான் வாங்குகிறவர் ஏமாந்துபோவார். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கவ்வுதல் என்றாலே வாயால் பற்றுவதுதான். பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போகிறது என்கிறோம். சக்கிலும் பிடிக்கிற உறுப்பு தாடைதான். பாடப்புத்தகத்திலும் தாடை என்றே இருக்கிறது. தாடை உள்ளது கவ்வும், கவ்வுவது கவ்வி. கிளிப்புக்கும் கிளாம்புக்கும் இதே சொல்லை எழுதுகிறார்களே என்று திருப்பூர் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. அவற்றுக்கு ‘இடுக்கி’, ‘பற்றி’ என்று வேறு சொற்கள் கைவசம் இருக்கின்றன. சக்குக்குக் கவ்வியை விட்டால் பொருத்தமானது இல்லை.

ஆனால் சக்கின் வகைகளை ‘முத்தாடைக் கவ்வி’, ‘நாற்றாடைக் கவ்வி’ என்று மடல்களில் பிரித்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. பட்டறையில் நாம் எல்லோரும் ‘த்ரீ ஜா’, ‘ஃபோர் ஜா’ என்றுதான் பேசுகிறோம், உண்மைதான். ஆனால் எண்ணிக்கையிலா வேறுபாடு இருக்கிறது? த்ரீ ஜாவில் சாவியைத் திருகினால் உள்ளே சுருள்தட்டு சுழன்று மூன்று தாடைகளையும் ஒரே அளவில் நகர்த்துகிறது. உருண்டைக் கம்பியோ அறுகோணக் கம்பியோ, வைத்து இறுக்கினால் தானாகவே நடுவுக்கு வந்துவிடும். ஃபோர் ஜாவில் ஒவ்வொரு தாடைக்கும் தனித்திருகு. சதுரம், கோணல்மாணலான வார்ப்பு, நடுவை விட்டு விலக்கிக் கடைய வேண்டிய உருப்படி எல்லாம் அதில்தான் பிடிபடும். பொறுமையாக டயல் (நடு விலகலை முள்ளால் காட்டும் அளவி) வைத்துத் திருகினால் 0.01 மி.மீ. வரைக்கும் நடுவுக்குக் கொண்டுவரலாம்.

இப்போது மரக்கடைசலுக்கு விற்கிற சக்குகளைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் நான்கு தாடைகள், ஆனால் நான்கும் சேர்ந்தே நகரும். ‘நாற்றாடைக் கவ்வி வாங்குங்கள்’ என்று நாம் எழுதினால், படிக்கிறவர் இணையத்தில் தேடி இதை வாங்கிவிடுவார். பிறகு சதுரமல்லாத வார்ப்பை எதில் பிடிப்பார்? ஆகவே எண்ணிக்கையை விட்டுவிட்டு, தாடை நகரும் முறையைச் சொல்லலாம். சேர்ந்து நகர்வது ‘ஒருங்குதாடைக் கவ்வி’, தனித்தனியாக நகர்வது ‘தனித்தாடைக் கவ்வி’. எண்ணிக்கை வேண்டும் என்கிற இடத்தில் முன்னால் ‘மூன்று’, ‘நான்கு’, ‘ஆறு’ சேர்த்துக்கொள்ளட்டும்.

இனி காலெட்.

‘சிறுகவ்வி’ என்றால் சின்ன சக் என்று ஆகிறது. காலெட்டுக்குத் தாடையே கிடையாது. அது நீளவாக்கில் கீறல்கள் விட்ட எஃகுக் குழல். வெளிப்புறம் சரிவாகக் கடைந்திருக்கும். அதே சரிவுள்ள கூட்டுக்குள் போய் அழுந்தும்போது கீறல்கள் நெருங்கி, உள்ளே இருக்கிற கம்பியைச் சுற்றிலும் ஒன்றுபோல இறுக்கும். மூன்று இடத்தில் கவ்வுவது வேறு, சுற்றிவளைத்துப் பிடிப்பது வேறு.

நம் ஊர் வேலையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். பம்புக்குக் கன்மெட்டல் (ஒரு வெண்கல வகை) புஷ், அதாவது ஷாஃப்ட் சுழல்கிற உருளை வளையம், கடைகிறோம். வெளிவிட்டம் 18 மி.மீ., சுவர் மெலிசு. ஒருங்குதாடைக் கவ்வியில் இறுக்கி உள்துளையைப் போர் செய்தால் (கடைந்து பெரிதாக்கினால்), சக்கில் இருக்கும்வரை துளை வட்டமாகத்தான் இருக்கும். சாவியைத் தளர்த்தியதும் தாடை அழுத்திய மூன்று இடமும் பழையபடி விரியும், துளை முக்கோணச் சாயலுக்குப் போய்விடும். ஷாஃப்ட்டை நுழைத்தால் ஒரு பக்கம் கடிக்கும், ஒரு பக்கம் தளரும். அதே புஷ்ஷைக் காலெட்டில் பிடித்தால் இந்த வம்பு வெகுவாகக் குறைந்துவிடும். வெளிப்புறத்தில் தாடைத் தழும்பும் விழாது. ஆட்டத்திலும், அதாவது சுழலும்போது உருப்படி நடுவை விட்டு விலகி ஆடுவதிலும், வேறுபாடு தெரியும். சாதாரண ஒருங்குதாடைக் கவ்வியில் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை ஆட்டம் இருப்பது வழக்கம். நல்ல காலெட்டில் 0.02-க்குள் நிற்கும். கழற்றி மறுபடி மாட்ட வேண்டிய உருப்படிக்கு இதுதான் முக்கியம். (ரன் அவுட்டுக்கு ‘ஆட்டம்’ என்றே வைத்துவிடலாம். ‘ஜாப் (உருப்படி) ஆடுது’ என்று எல்லா டர்னரும் சொல்கிறார்கள், வேறு தேட வேண்டாம்.)

காலெட்டின் குறையும் பெயரிலேயே தெரிய வேண்டும் என்பது என் ஆசை. குழல் என்றால் அளவுக்கு ஏற்பக் குழல் வேண்டும் என்று உடனே புரியும். வீட்டுப் பட்டறைக்குப் பரவலாக வாங்குவது இஆர் வகை. 1970களில் ஸ்விட்சர்லாந்தின் ரீகோ-ஃபிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. அதில் இஆர்32 அளவில் 3 முதல் 20 மி.மீ. வரை பிடிக்க 18 உருப்படி கொண்ட செட் வருகிறது. ஒவ்வொன்றும் தன் அளவிலிருந்து 1 மி.மீ. வரைதான் சுருங்கும். 5சி என்கிற இன்னொரு காலெட் வகை அந்த அளவுக்கும் சுருங்காது, ஏறக்குறைய சரியான அளவே வேண்டும். சக்கோ ஒன்றை வாங்கினால் சிறிசு பெரிசு எல்லாம் பிடிக்கும். ‘சிறுகவ்வி’ என்ற பெயர் இந்தச் செலவை மறைத்துவிடுகிறது.

வந்த மற்றச் சொற்களையும் பார்க்கிறேன். ‘பூண்’ கேட்க அழகாக இருக்கிறது, உலக்கைப் பூண் நமக்குப் பழக்கமும்கூட. ஆனால் பூண் போட்டது போட்டபடி இருக்கும், விரிந்து சுருங்காது. ‘இறுகுழல்’ சுருக்கமான சொல். அதில் ஒரு சங்கடம்: இறு என்பதற்கு முறிதல், நைந்துபோதல் என்ற பொருளும் உண்டு. ‘கயிறு இத்துப்போச்சு’ என்று நம் பக்கம் சொல்வது அதிலிருந்துதான். பிடிக்கிற கருவிக்கு அப்படி ஒரு நிழல் வேண்டாம். ‘இறுகுகுழல்’ என்று திருத்தினால் நாக்கு இடறுகிறது.

என் முன்மொழிவு ‘பிடிகுழல்’.

பட்டறையில் கவ்வு என்றோ பற்று என்றோ யாரும் சொல்வதில்லை. ‘ஜாப்ப சக்குல புடிச்சு, டயல் வெச்சுப் பாத்துப்போட்டுக் கடையோணும்’ என்பதுதான் கோவையில் கணபதியிலும் சிங்காநல்லூரிலும் கேட்கிற பேச்சு. பிடி என்பது தொழிலாளி வாயில் ஏற்கனவே இருக்கிற வினை. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகையாக எழுத வேண்டும், நடுவில் ‘க்’ மிகாது. ‘பிடிக்குழல்’ என்று எழுதினால் கைப்பிடியில் உள்ள குழல் என்று பொருள் மாறிவிடும். தட்டச்சு செய்கிற நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

துணைப் பெயர்களும் இதிலிருந்து எளிதாகக் கிளைக்கின்றன. காலெட் உட்காருகிற உடல் ‘பிடிகுழல் கூடு’. அதை முடுக்குகிற நட் ‘கூட்டு மரை’. கையேட்டில் இந்த மரை பற்றி ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். இஆர் வகையில் பிடிகுழலை முதலில் மரைக்குள் சாய்த்து அழுத்த வேண்டும், மரையின் உள்வளையம் குழலின் பள்ளத்தில் டக்கென்று உட்காரும். அதன் பிறகுதான் கூட்டில் வைத்துக் கம்பியை நுழைத்து முடுக்குவது. இப்படிச் செய்யாமல் குழலைக் கூட்டுக்குள் போட்டு மேலே மரையைப் பூட்டினால் குழல் கோணலாக அழுந்தும். தளர்த்தும்போது அதை வெளியே இழுக்கவும் எதுவும் இருக்காது. உள்ளே கம்பி இல்லாமல் முடுக்கவும் கூடாது. கம்பி துண்டாக இருந்து குழலின் முன்பக்கத்தை மட்டும் நிரப்பினால், பின்பக்கம் அதே விட்டத்தில் இன்னொரு துண்டு போட்டுக்கொள்ள வேண்டும்.

கூடு வாங்குவதிலும் ஓர் எச்சரிக்கை. மோர்ஸ் டேப்பர் வால் (துளையில் செருகுகிற சரிவான தண்டு) கொண்ட கூடு மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அது ஸ்பிண்டில் (எந்திரத்தின் சுழலும் அச்சு) துளையை அடைத்துவிடும். நீளக் கம்பியைப் பின்னாலிருந்து விட முடியாது. ஸ்பிண்டில் முகப்பில் தட்டு வைத்துப் போல்ட் போடுகிற கூடுதான் கடைசலுக்கு ஏற்றது. அந்தத் தட்டை நம் எந்திரத்திலேயே மாட்டிக் கடைந்து பொருத்தினால் ஆட்டம் இன்னும் குறையும். பேக் பிளேட் எனப்படும் அந்தத் தட்டுக்கு ‘தாங்குதட்டு’ என்று எழுதலாமா?

‘எல்லோரும் சக்கு, காலெட்டு என்றே சொல்லும்போது எதற்கு இந்தப் பாடு?’ என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். பேச்சில் சக்கு இருக்கட்டும், அதை யாரும் பிடுங்கப் போவதில்லை. ஆனால் அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே எந்திரவியலைத் தமிழ்வழியில் தொடங்கிவிட்டது. ஜி. ஆர். தாமோதரன் ‘கலைக்கதிர்’ இதழைத் தொடங்கி அறிவியலைத் தமிழில் எழுதவைத்த கோவையிலிருந்து, கடைசல் தொழிலுக்கு நாம் நல்ல சொல் தர வேண்டாமா?

இன்னும் இரண்டு சொற்கள். தாடை இல்லாமல் காந்தத்தால் பிடிக்கிற காந்தச் சக்கைக் கவ்வி என்று சொல்வது பொருந்தாது. ‘காந்தப்பிடி’ என்று வைத்திருக்கிறேன். காலெட்டைப் பின்னாலிருந்து இழுத்து இறுக்குகிற ட்ரா பாருக்கு ‘இழுதண்டு’. இந்த இரண்டிலும் எனக்குப் பிடிவாதம் இல்லை, பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிற நண்பர்கள் மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள். பிடிகுழலுக்கு மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். அந்தப் பகுதியை அச்சுக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சிங்காநல்லூரிலிருந்து